சிங்கமீனுக்கு வந்த இறால்

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பினாங்குக்கு லீவில் கிளம்பியதும், அவர் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சிங்கமீனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேதமுத்து வலியப் போய் ஏற்றுக்கொண்டார். மீன் செத்தால் வேலை போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவசரகாலம். அரிசிக்கே ரேஷன். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, கேட்டில் போலீஸ்காரன் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்ப்பான். அந்தக் கெடுபிடியிலும் 'மீனுக்கு மட்டும்' என்று பெர்மிட் வாங்கி, தினமும் காலையில் இருபது உயிர் இறாலைத் தொட்டியில் போட்டார்.

"ஒரு இறால் மனுசன் வாய்க்குப் போனாலும் ரிப்போர்ட் பண்ணிருவேன்லா!" என்று பங்களா சமையல்காரி அஞ்சலையை மிரட்டியும் வைத்தார். அவருக்கு மதியச் சாப்பாடு அவள் கையால்தான்.

பதினைந்தாம் நாளும் மீன் பிடரிமயிர் போலத் துடுப்புகளை விரித்துக் கம்பீரமாக நீந்தியது.

"பாத்தியா அஞ்சல? போட்டதெல்லாம் காலி. மீன் வளக்கக் கைராசி வேணும்லா."

"அதுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா நாலு இறால் போதுங்கய்யா. மேல தின்னா வயிறு வீங்கிச் செத்துரும். மூணு வருசமா நான்தானே தீனி போடுறேன்? நீங்க ஆபீஸ் போனதும் மிச்சத்த வலைபோட்டு அள்ளிருவேன்."

"அள்ளி?"

"நீங்கதானே தினமும் அரைச்சுவிட்ட கொழம்பு பிரமாதம்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டீங்க?"

வேதமுத்து, துரைக்காக எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

'தினமும் இருபது இறால். மிச்சம் வைக்காமல் தின்று, உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது.'

திருத்த ஒன்றுமில்லை. பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.