பாராட்டு வைத்தியம்

"உங்க வைத்தியம் சுத்தப் பித்தலாட்டம், டாக்டரம்மா!"

கிசுமு நகரில் குழந்தைகள் மனநலம் பார்க்கும் அவினோவின் அறையில் ஒகேச் எகிறினார். "என் பையனோட துறுதுறுப்பு கொஞ்சமும் அடங்கல. பள்ளிக்கூடத்தை விட்டே துரத்தப் போறாங்க."

"அவன் கொஞ்ச நேரம் அடங்கி உட்கார்ந்தாலும் பாராட்டச் சொன்னேனே, ஐயா?"

"ஒரு நாள் தவறல. 'என் சிங்கமே, இன்னைக்கு எழுந்து ஓடாம உகாலிக் களி சாப்பிட்டியே'ன்னு வாய் வலிக்கச் சொல்றேன்."

அவினோவுக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது.

"அதைக் கேட்டு அவன் என்ன சொல்றான்?"

"அவன் எங்க கேட்டான்? தூங்கின பிறகுதானே சொல்றேன்!" ஒகேச் அவளை ஏளனமாகப் பார்த்தார். "காதுல விழுந்தா புள்ள கெட்டுப் போயிடாதா? இதுகூடத் தெரியாம என்னதான் படிச்சீங்களோ!"