ஏழாவது ஆள்

ரேணுகாவுக்குக் கணக்குத் தப்பாது. போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் அவள் தரம் பார்த்துப் பிரித்த காயை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. வீட்டில் பில்டிங் பிளாக்ஸ் கட்டைகளையும் ஏலக்காய்ச் சல்லடையில் சலித்துத்தான் பிரித்துவைப்பாள். நாற்பது வயதில் இந்தக் கட்டை விளையாட்டு எதற்கு என்று கேட்டால், சிரித்துவிட்டு அடுத்த கட்டையை எடுப்பாள்.

இம்முறை அந்தக் கட்டைகளில் கணவன் லிங்கேஸ்வரனின் ஜீப்பைக் கட்டினாள். தினமும் அவன் எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போகும் ஆறு பெண்களுக்காக ஆறு பொம்மைகளைப் பின்னால் உட்காரவைத்தாள். காலையில் ஏழு இருந்தன. ஒன்றைக் கழற்றி ஒரு காலி டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாளும் ஏழு.

“நீங்களா எடுத்து வச்சீக?” என்று கணவனிடம் கேட்டாள்.

“எனக்கு வேற சோலி இல்லையா? ஆறு பொம்மைய எண்ணத் தெரியாதவள நம்பித்தான் கிட்டங்கி நடக்குதாக்கும்?”

அவள் பயப்படவில்லை. தன் எண்ணிக்கையைத் தானே சந்தேகிப்பதுதான் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து, புறப்பட நின்ற ஜீப்பில் விரல் நீட்டி எண்ணினாள். ஆறு பெண்கள்.

லிங்கேஸ்வரனும் திரும்பிப் பார்த்து எண்ணினான்.

“ஏழு. போடிமெட்டு மலை வளைவுல வண்டி சாயும். கொஞ்சம் நகந்து உக்காருங்கத்தா, ஓரத்துல இருக்குறவுக விழுந்துறப் போறாக.”

பெண்கள் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் கிடைத்தது.

“ஆறுதாங்க!” என்றாள் ரேணுகா, குரல் தடுமாறாமல். அவன் சிரித்தபடியே வண்டியை எடுத்துவிட்டான்.

அவள் உள்ளே போய் டப்பாவைத் திறந்தாள். காலி. பொம்மை ஜீப்பைப் பார்த்தாள். அவள் கணக்குத் தப்பவில்லை. ஏழாவது அங்கேயும் இல்லை; ஆறுதான் இருந்தன. ஆறும் ஒருபக்கமாக நகர்ந்து, ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தன.