குராங் ஆஜார்

"என்ன பண்றே வர்தா! வலது கையால சாப்பிடு!"

நொர்மாலா அடிக்குரலில் சீறினாள். மகள் காதில் வாங்கவில்லை. கெத்துப்பாட் சோற்றுத் துண்டை இடது கையால் எடுத்து, ரெண்டாங் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண். நோன்புப் பெருநாள் விருந்து. அதுவும் பாக் லோங்குக்கு நேர் எதிரே!

பாக் லோங் அவளுடைய காலஞ்சென்ற கணவரின் அண்ணன், குடும்பத்துக்கே மூத்தவர். ரொம்ப நாள் கழித்து ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார். சளி என்று சொல்லி யாரையும் கையை முத்தமிட விடவில்லை. பசியில்லை என்று தட்டையும் தொடவில்லை.

"குராங் ஆஜார்!" என்றாள் சின்ன நாத்தனார் மாக் சூ, எல்லோருக்கும் கேட்கும்படி.

பாயிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மலாயில் மரியாதை கெட்டவர்களைச் சொல்கிற சொல். ஆனால் அதன் பொருள், கற்பித்தது போதவில்லை என்பது. எய்வது பிள்ளையை, தைப்பது பெற்றவளை. ஒற்றையாளாய் வளர்த்த நொர்மாலாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்பன் இருந்தா இப்படி வளருமா?" மாக் சூ விடவில்லை.

"விடுங்க மாக் சூ. இந்தக் கைக்கும் ஒரு நாள் பெருநாள் வேண்டாமா?" என்ற வர்தா, எதிரே பார்த்தாள். "பாக் லோங், போட்டிக்கு வர்றீங்களா? இடது கையால யார் முதல்ல தட்டைக் காலி பண்றதுன்னு பாப்போம். வயசானவங்க, எப்படியும் தோத்துருவீங்க."

நொர்மாலா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"யாருடி வயசானவன்?" என்றார் பாக் லோங்.

அவருடைய இடது கை மெல்லத் தட்டுக்குள் இறங்கியது. ஒரு வாய். இன்னொரு வாய். அப்புறம் நிறுத்தவே இல்லை, அத்தனை பசி.

வலது கை மடியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது.

"கார்லேருந்து இறங்கறப்பவே பாத்தேம்மா," வர்தா காதோரம் சொன்னாள். "அந்தக் கை தூக்க வரலை. வெளியில சொல்ல அவருக்கு வெக்கம்."

நொர்மாலாவின் பிடி தளர்ந்தது.

பக்கத்திலிருந்த கைகழுவும் கெண்டியை இழுத்து, தன் இடது கையில் நீரை வார்த்துக்கொண்டாள்.