இரும்புப் பெட்டி நகர்ந்த வழக்கு

"சகலமானவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியது! இந்த இரும்புப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கக்கூடிய ஆம்பளை இந்தக் காஞ்சிபுரத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் இதோ என் எதிரில் நிற்கிறான்!"

இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் இதை ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டுதான் அறிவித்தார். குரல் மட்டும் ஐகோர்ட்டில் இருந்தது. அங்கிருந்த இரண்டு பசுக்களில் ஒன்று அசை போடுவதை நிறுத்தியது.

எதிரில் நின்றவன் சிட்டிபாபு, தேகப்பயிற்சிக் கூடத்து வஸ்தாது. பொங்கலன்று அவனுக்குக் 'காஞ்சி பீமன்' என்று பட்டம் கொடுக்கப் போகிறார்கள். எண்ணெய் பூசிய மார்பை விடைத்துக்கொண்டு அவன் நிற்கும் போஸ்டரை இந்தக் கொட்டகைச் சுவரில்கூட ஒட்டியிருந்தார்கள்.

பட்டுக்கடை கண்ணாயிரம் புடவை கொடுக்க மெட்ராஸ் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். முன்கூடத்தில் இருந்த இரும்புப் பெட்டியைக் காணோம். அலறினார். போலீஸ் வந்து தேடியதில் அது பின்கட்டு மாட்டுக் கொட்டகையில், கோணி போர்த்தியபடி கிடைத்தது. நூறு கிலோவுக்குக் குறையாது. தரையில் இழுத்த தடமே இல்லை.

"பூட்டு அப்படியே இருக்குதுங்க. உள்ளே ஒண்ணும் குறையல," என்றார் கண்ணாயிரம், கொஞ்சம் வெட்கத்தோடு.

"இன்னிக்கு ராத்திரி குறைஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். " கொட்டகை வரைக்கும் ஒரு நடை, வேலியைத் தாண்ட இன்னொரு நடை. நேத்து வீட்டுல யாரு இருந்தது?"

"யாருமில்லீங்க. வெள்ளையடிக்க ஒரு சித்தாள் வந்தா. அம்சான்னு பேரு. வீட்டுச் சாவி அவ கிட்டதான் இருந்துச்சி. இவன் பொண்டாட்டிதாங்க."

"அப்படிச் சொல்லுங்க! பொண்டாட்டி கதவைத் தொறந்து விட்டா. புருஷன் வந்து தூக்கினான். ஏழு வருஷம் கம்பி எண்ணணும்."

அம்சா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். எந்த வெயிலானாலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். புருஷன் உத்தரவு. அடக்கமான பெண் என்று தெருவில் நல்ல பெயர்.

"யோவ், நடந்ததைச் சொல்லிடுய்யா," என்றாள். "ஜெயிலுன்றாங்க. உனக்கு இன்னா தலையெழுத்தா?"

"வாயை மூடு. இந்தச் சங்கதியைச் சொல்ல மாட்டேன்னு புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணியிருக்க. மறந்துட்டியா?"

"மறக்கலய்யா. அதான் நெஞ்சைப் புடிச்சிக்கினு நிக்கிறேன். நீ சொல்லலாமில்ல?"

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "எழுதிக்க முனிசாமி, எழுதிக்க. கூட்டுச் சதி."

ஹெட் கான்ஸ்டபிள் முனிசாமி எழுதவில்லை. "ஐயா, இவனால தூக்க முடியுமான்னு ஒரு தபா பார்த்துடலாங்களா? கோர்ட்டுல கேப்பாங்க."

"பார்த்துடுவோம். டேய் பீமா, தூக்கு. முடிஞ்சுதுன்னா ஜெயில். முடியலன்னா நேரா உன் வீட்டுக்குப் போ."

வேலிக்கு அப்பால் சீடர்கள் பதினைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரே மூச்சு, வஸ்தாது! உடாதீங்க!" என்று ஒருவன் கத்தினான். வழக்கின் சட்ட நுணுக்கம் அவனுக்கு எட்டவில்லை.

சிட்டிபாபு குனிந்தான். பெட்டியைக் கட்டிப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பெட்டி பூமியோடு கூடப் பிறந்ததுபோல் இருந்தது.

"முடியலன்னு சொல்லுய்யா." அம்சா ஓரடி முன்னால் வந்தாள். "ஒரே வார்த்தை. வூட்டுக்குப் போயிடலாம். புள்ள தேடிக்கினு இருக்கும்யா."

சிட்டிபாபு தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தான். பதினைந்து முகங்கள். நிமிர்ந்தான். உள்ளங்கைத் தூசியைத் தட்டினான்.

"இதை வேற தூக்கிக் காட்டணுமா? ஊருக்கே தெரியும். நான்தான் தூக்கினேன். ஒத்தக் கையால!"

வேலிக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது. முனிசாமி பெருமூச்சு விட்டு விலங்கை எடுத்தார். மாட்டும்போதுகூட சிட்டிபாபு புஜத்தை முறுக்கிக் காட்டினான்.

"நடடா," என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணாயிரம், பெட்டியை உள்ளே எடுத்துப் போக நாலு ஆளைக் கூப்பிடுங்க."

அம்சா புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த விலங்கைப் பார்த்தாள். சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்திருந்தாள்?

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அந்தப் புஜத்தைப் பார்த்த முனிசாமி, போஸ்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஏய், இன்னா பண்ற? வாணாம்! சொன்னா கேளு!" சிட்டிபாபு அலறினான்.

அவள் குந்தினாள். பெட்டியைத் தொடை மேல் சாய்த்தாள். முக்கலோ முனகலோ இல்லாமல் முதுகுக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். கூட்டம் வழி விட்டது. இன்ஸ்பெக்டரும் சுவரோரம் ஒதுங்கினார். பின்கட்டைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, முன்கூடத்து மூலையில், புதிதாக வெள்ளையடித்த சுவரை ஒட்டிப் பெட்டியை இறக்கி வைத்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

சுண்ணாம்பு தெறிக்கக் கூடாதென்று நேற்று அவள் அதை எடுத்ததும் அங்கிருந்துதான்.