லொரேட்டாவின் வலது தோள்

நெப்ராஸ்காவின் காலை வெயிலில் லொரேட்டா துப்பாக்கியைத் தோளில் பொருத்துகிறாள். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து பதினான்கு மாதம். உதைப்பு குறைவு என்று நம்பி வாங்கிய பழைய செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கி; சுட்டதும் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளும். கன்னம் சரியாகப் படிய, பிடிக்கட்டையில் ரப்பர் ஒட்டியிருக்கிறாள். இதிலும் தோள் வலித்தால், பறக்கும் தட்டுகளைச் சுடும் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். "விடு" என்று குரல் கொடுக்கிறாள். ஆரஞ்சு நிறக் களிமண் தட்டு சீறிக் கிளம்பி, நடுவானில் பொடியாகிறது. காலித் தோட்டா சுடச்சுட எகிறி, வலப்பக்கம் நிற்கும் கணவன் வெர்னனின் கழுத்தில் அடிக்கிறது. அது பறக்காமல் தடுக்கும் கொக்கியைத் துப்பாக்கியில் மாட்ட மறந்துவிட்டாள்.

"என்னைச் சுடத்தான் இத வாங்கினியா? வலிக்குதா?"

"உனக்கா, எனக்கா?"

"என் கழுத்து எனக்குத் தெரியும். உன் தோளக் கேக்கறேன்."

லொரேட்டா தோளை மெல்லச் சுழற்றிப் பார்க்கிறாள்.

"காலர நல்லா தூக்கி விட்டுக்கோ வெர்னன். இன்னும் இருபத்திநாலு தட்டு இருக்கு."