கழித்தல் அம்மா

"குளிர்பானத்தையும் எடுத்துடும்மா. நாங்க பச்சத் தண்ணி குடிச்சுக்கறோம்" என்றாள் கழித்தல் அம்மா.

சொகுசுக் கப்பல் முன்பதிவு அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மேசையில் இருந்த பெண்தான் வைத்தாள். வைத்த நாளிலிருந்து அலுவலகமே அப்படித்தான் சொல்கிறது, அந்தம்மாள் படியிறங்கிப் போன பிறகு.

இது நான்காவது வருகை. ஒவ்வொரு தடவையும் பயணத்திலிருந்து எதையாவது கழித்துவிட்டுத்தான் எழுந்து போவாள்.

முதல் தடவை விடுமுறைக் காலத்தைக் கழித்தாள். பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு போனால் கட்டணம் பாதிதான் என்று அவளே கண்டுபிடித்து வந்திருந்தாள். இரண்டாம் தடவை வைஃபை போனது. போன வாரம், துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிக் காட்டும் பேருந்து. கால் இருக்கிறது, நடப்போம் என்றுவிட்டாள்.

கல்லில் நார் உரிப்பவர்களைப் பற்றி அந்தப் பெண் கேள்விப்பட்டதுண்டு. நேரில் பார்த்தது இப்போதுதான்.

ஒன்றை மட்டும் கழிக்க விடவில்லை. ஜன்னல்.

கப்பலின் உள்பக்க அறைகளுக்கு ஜன்னல் கிடையாது, அதனால் விலை மலிவு. மேல்தளத்துக்கு ஏறினால் சுற்றிலும் கடல்தானே என்று அந்தப் பெண் நாலு தடவையும் சொல்லிப் பார்த்தாள். அந்தம்மாள் பிடித்த பிடியை விடவில்லை.

"இவர் படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கணும்."

'இவர்' இன்றுதான் முதல் முறையாக வந்திருக்கிறார். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மேசையில் கலைந்து கிடந்த விளம்பரத் தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினார். பேனாக்களை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பார்க்கிற நீச்சல் குளப் படம் இல்லை, அறையின் படம். அகலமான கட்டில், நடுவில் அறைப் பணியாளர் வெள்ளைத் துவாலையை மடித்துச் செய்து வைத்த ஒரு யானை.

இன்றாவது பதிவு செய்துவிடுவார்கள் என்ற நப்பாசையில், பதிவு முடிந்தால் கொடுக்க வேண்டிய இலவசக் கைத்துவாலைகளை அந்தப் பெண் முன்கூட்டியே கொடுத்திருந்தாள், ஆளுக்கு ஒன்று. அவருடையது மடியில் கிடந்தது.

கட்டணச் சலுகை இன்று ஐந்து மணியோடு முடிகிறது. நாளைக்குப் பழைய விலை. அந்தம்மாள் பதினோரு வருடம் தையல் மெஷினை மிதித்துச் சேர்த்த காசு அந்த விலைக்குக் காணவே காணாது. மணி நாலு ஐம்பது.

குளிர்பானத்தைக் கழித்த பிறகும் காசு கொஞ்சம் இடித்தது. கொஞ்சம்தான். ஆனால் கழிப்பதற்கு இனி எதுவும் இல்லை. அந்தம்மாள் கணினித் திரையில் இருந்த தொகையையே பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது. யாருக்கும் எளிதில் சொல்லாத வழி ஒன்று அவளிடம் இருந்தது. முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"பணியாளர் டிப்ஸ்னு தனியா ஒண்ணு சேர்ந்திருக்கு பாருங்கம்மா. கட்டாயம் இல்ல. நான் எடுத்துடறேன். ஜன்னல் ரூமே கிடைச்சுடும்."

சொல்லிவிட்டு, ஒரு நன்றிக்காகக் காத்திருந்தாள். எடுத்துவிடு என்று அந்தம்மாள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்தம்மாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அரை நிமிடம்கூட இருக்காது.

"அது இருக்கட்டும்மா. ஜன்னலை எடுத்துடு."

காது சரியாகக் கேட்டதா என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். ஆனாலும் எடுத்தாள். தொகை சட்டென்று இறங்கி, கையில் கொஞ்சம் மிச்சமும் நின்றது. அந்த மிச்சத்தையும் டிப்ஸிலேயே சேர்க்கச் சொன்னாள் அந்தம்மாள். நாலு வருகையில் அவள் கூட்டியது அது ஒன்றுதான்.

படிவத்தில் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. இதற்கு முன் கப்பலில் சென்றதுண்டா?

அந்தம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷம்" என்றார். "வேலைக்கு."

தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"யார் யாரோ குடுத்த டிப்ஸ்தான் எங்க ரெண்டு பொண்ணுங்களையும் படிக்க வெச்சுது" என்றாள் அந்தம்மாள். "யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருக்கணும். இவர் தூங்கின ரூம் தண்ணிக்கும் கீழ, ஜன்னல் கிடையாதாம். பரவாயில்ல, அது எப்படி இருக்கும்னு நானும் பார்த்துக்கறேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம். மேசையை ஒதுக்கப் போன அந்தப் பெண், துவாலை ஒன்று அங்கேயே இருப்பதைப் பார்த்தாள். இலவசமாகக் கிடைத்ததைக் கழித்தல் அம்மா விட்டுவிட்டுப் போவதாவது என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

அடுக்கி வைத்த விளம்பரத் தாள்களுக்கு மேல், காது இரண்டும் விரிந்து, தும்பிக்கையைத் தூக்கியபடி, ஒரு சின்ன வெள்ளை யானை அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

தொலைபேசி அடித்தது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கப்பலில் போகிற ஒருவர், கட்டணத்தை இன்னும் குறைக்க வழி உண்டா என்று கேட்டார். வைஃபை, பேருந்து, குளிர்பானம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேறு ஏதாவது, என்றார் அவர்.

"அவ்வளவுதான் சார்" என்றாள், யானையைப் பார்த்துக்கொண்டே. "வேற வழி எதுவும் இல்ல."