நோயாளி வேடம்

நாளைக்குத் திருவனந்தபுரத்தில் நர்சுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சை. தேறினால் லண்டனில் நர்ஸ் வேலை. குளச்சல் வீட்டில் அபினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா மரியஜானை நாற்காலியில் உட்கார வைத்து, நோயாளியாக நடிக்கச் சொல்லி ஒரு சீட்டைக் கையில் திணித்தாள்.

“என்ன நோவுன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் பாத்துப் பதில் சொல்லுங்க. எங்க வலிக்கு?”

மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவருக்கு இங்கிலீஷ் புதிதல்ல. சீட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நெஞ்சுல, மக்களே.”

“பெயின்னு சொல்லணுமா, ஏக்னு சொல்லணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணில்லப்பா. பாரம் வச்ச மாதிரி விடாம கெடந்தா ஏக். சுள்ளுன்னு குத்தினா பெயின். மாத்திச் சொன்னா மார்க் போச்சு.”

மரியஜான் யோசித்தார். “அப்போ மத்தியானம் ஏக். இப்போ பெயின். இடது கைக்கும் எறங்குது.”

“ஃபேன் ஓடும்போதே சட்டை நனையுதே. நீங்க சினிமாவுக்குப் போயிருக்கணும்.”

“இதுக்கு நாளைக்கிச் சாயங்காலம் ஆஸ்பத்திரி போனா போதாதா?”

“நல்ல கேள்வி. பரீட்சையிலயும் இப்படித்தான் கேப்பாங்க. உடனே போணும்னு நான் பக்குவமாச் சொல்லணும்.”

சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டுக்காகப் பைக்குள் கையை விட்டாள். விரலில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டது. காலையில் கடையில் கொடுத்து அதன் காலைச் சரிசெய்து வாங்கியவள், பரீட்சைப் பரபரப்பில் கொடுக்க மறந்திருந்தாள். அது இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அபினா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கையில் சீட்டு தலைகீழாக இருந்தது.